கடைசியாக எப்போது பேசினார்?

அந்த மண்டபத்தில் இருபது வருடங்களாக யாரும் செய்யாத காரியத்தை இன்று காலை நான் செய்தேன். மௌன நாளில், எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது, எழுந்து நின்று "அப்பா" என்று கத்தினேன்.

மற்றவர்களுக்கு அவர் ஐயா. மனதை அடித்து அடக்காதே, பக்கத்தில் உட்கார வைத்துப் பேச விடு என்று சொல்லிக் கொடுத்தவர். அதைப் பற்றிச் சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதியவர். எனக்கு அப்பா.

வாரத்தில் ஒரு நாள் அவர் பேசமாட்டார். முந்தின இரவே தன் கைப்பேசியை, அவர் பேச்சைக் கேட்பவர்கள் சேர்ந்து நடத்தும் வட்டத்தின் செயலாளரிடம் கொடுத்துவிடுவார். காலையில் மண்டபத்தை ஒட்டிய எங்கள் வீட்டின் பின்னறையில் தனியாக இருப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது. ஒன்பது மணிக்குச் செயலாளர் போய்க் கதவைத் தட்டி அழைத்து வருவார். ஐயா மரநாற்காலியில் அமர, வட்டத்தைச் சேர்ந்தவர்கள் எதிரே அமர்வார்கள். பேச்சு கிடையாது, சைகை கிடையாது, எழுதிக் காட்டுவதும் கிடையாது.

இன்று அவர் உதடு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. வாயின் வலது ஓரத்தில் எச்சில் வழிந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் கண்கலங்கினார்கள். ஐயா எங்கேயோ ஆழத்துக்குப் போய்விட்டார் என்று நினைத்தார்கள்.

நானும் உடனே எழுந்துவிடவில்லை. நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். நாள் முழுக்க முகங்களை அளக்கிறேன். எந்த முகமும் சமமாக இருக்காது. ஒரு கண் மேலே இருக்கும், ஒரு காது கீழே இருக்கும். 'உனக்கு எதைப் பார்த்தாலும் கோணல்தான்' என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

பிறகு அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தேன். போன மாதம் நான்தான் அதை அவருக்குப் பொருத்தினேன். வலது பக்கச் சட்டம் எப்படி வளைத்தாலும் அவர் கன்னத்தில் இடித்துக்கொண்டே இருந்தது. "விடு, அதுவும் என்னோட கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்" என்று சிரித்தார். இன்று அந்தச் சட்டத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. கன்னம் கீழே இறங்கியிருந்தது.

அப்போதுதான் கத்தினேன்.

*

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து முடித்ததும் டாக்டர் வெளியே வந்தார். ஒல்லியான பெண்மணி. வேகமாக நடந்தார், வேகமாகப் பேசினார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. அதனாலதான் பேச்சும் வலது கையும் போயிருக்கு. ரத்தக்கசிவு இல்லை, அதுவரைக்கும் நல்லது. கடைசியா எப்போ நல்லா இருந்தார்? நல்லா பேசினதை யார் பார்த்தீங்க?"

"நேத்து ராத்திரி, டாக்டர்" என்றார் செயலாளர். "போனை என் கையில கொடுத்துட்டு, பார்த்துப் போப்பான்னு சொன்னார்."

"இன்னிக்குக் காலைல?"

"இன்னிக்கு அவர் பேசமாட்டார்."

"ஏன், முன்னாடியே பேச்சு வராதா?"

"வரும். பேசமாட்டார்."

டாக்டர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். நான் நடுவில் புகுந்து மௌன நாளைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே ஒரு நொண்டிச் சாக்குப் போலக் கேட்டது.

"வீட்டம்மா யாரு? நீங்களாம்மா? காலைல அவரைப் பார்த்தீங்களா?"

அம்மா செயலாளரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "விடிஞ்சதும் டீத் தட்டை அறை வாசல்ல வெச்சுட்டு வந்துடுவேன். முகம் பார்க்கமாட்டேன்."

அதற்குள் நர்ஸ் வந்து அம்மாவை அழைத்துப் போனார். அப்பா கையைக் காலை உதறுகிறாராம், தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் அடங்குவாராம். அம்மா போனதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"கவனமா கேளுங்க. அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டா பேச்சு திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கு. நேரம் தாண்டிப் போட்டா மூளைக்குள்ளேயே ரத்தம் கசிஞ்சு ஆளையே கொண்டுபோயிடும். நேத்து ராத்திரிதான் கடைசின்னா என்னால போட முடியாது."

"வேற வழியில நேரத்தைக் கண்டுபிடிக்க முடியாதா?" என்றேன்.

"வேற மாதிரி ஸ்கேன் ஒண்ணு இருக்கு. அந்த மிஷின் இங்க இல்லை. கொண்டுபோய்க் கொண்டுவர்றதுக்குள்ள இருக்கிற மூளையும் போயிடும். யாருக்காவது ஏதாவது ஞாபகம் வந்தா ஓடி வாங்க."

அவர் உள்ளே போனார். நானும் செயலாளரும் சுவரோரம் நின்றோம்.

செயலாளர் கெட்டவர் இல்லை. இதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கே அடிக்கடி மறந்துபோகும். கப்பல் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அப்பாவின் செருப்புத் தேய்ந்தால் அப்பாவுக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

"ஒன்பது மணிக்கு நல்லாதான் நடந்து வந்தார்னு சொல்லிடலாமா, பாப்பா?" என்றார்.

"நடந்து வந்தாரா?"

அவர் தன் தோளைத் தடவிக்கொண்டார்.

"அண்ணா, நிஜமா நடந்து வந்தாரா?"

"என் தோள்ல கை வெச்சுட்டு வந்தார்." அவர் குரல் உடைந்தது. "இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட வெச்சதில்லை. மொத்த பாரத்தையும் என் மேல போட்டு வந்தார். நான் அதை… எனக்குக் கிடைச்ச பாக்கியம்னு நெனச்சேன்."

ஆக, ஒன்பது மணிக்கே அது ஆரம்பித்துவிட்டது. நேற்று இரவுக்கும் இன்று ஒன்பதுக்கும் நடுவில் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

*

ஆஸ்பத்திரி மாடிப்படியில் வட்டத்தார் வந்து நிரம்பிவிட்டார்கள். படிக்கு இரண்டு பேராக, சுவரை ஒட்டி, மற்றவர்கள் ஏறி இறங்க வழி விட்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

காவலாளி என்னைப் பார்த்து, "கூட்டம் போடாதீங்க, சத்தம் போடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன். இவங்ககிட்ட என்னத்தைச் சொல்றது?" என்றார்.

தையல்காரம்மா படியிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். மண்டபத் திரைச்சீலையெல்லாம் அவர் தைத்ததுதான்.

"நீ கத்தினப்போ உன்னை மனசுக்குள்ள திட்டினேன், பாப்பா. அக்கா புத்திதான் தங்கச்சிக்கும்னு."

"பரவாயில்லைங்க."

"என் பையன் செத்துப்போன வருஷத்துல தினமும் சாகலாம்னுதான் எழுந்திருப்பேன். உங்கப்பா குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் இன்னும் இருக்கேன். அந்தக் குரல் திரும்ப வருமா?"

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வரும் என்று சொல்லவும் எனக்கு என்ன உரிமை? "அக்காவுக்குச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

சொல்லத்தான் வேண்டும். அப்பா பிழைப்பாரா என்றே தெரியாதபோது பெரிய மகளுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா?

அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். இரண்டு வருடங்களுக்கு முன்னால், வட்டத்தின் கேள்வி நேரத்தில் எழுந்து, "ஊருக்கெல்லாம் மனசு விட்டுப் பேசுறீங்க. வீட்டுல எங்ககிட்ட எப்போப்பா பேசுவீங்க?" என்று கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. செயலாளர் அவளை வெளியே போகச் சொன்னார். மண்டபத்தை விட்டுப் போனவள் வீட்டையும் விட்டுப் போனாள். டிப்போவுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அவள் எண்ணுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டாள். டிப்போவுக்கு அடித்தேன்.

"எந்த டிரைவர்? ஓ, அந்தம்மாவா" என்றார் டிப்போக்காரர். "அது வண்டியை விட்டு இறங்கினாத்தான் மனுஷங்ககிட்ட பேசும். என்ன விஷயம்?"

"எங்கப்பா ஆஸ்பத்திரியில இருக்கார்."

அதற்குமேல் அவர் கிண்டல் செய்யவில்லை. "வயர்லெஸ்ல சொல்றேன். போனை கையிலயே வெச்சிரும்மா."

வைத்திருந்தேன். போன் இரண்டு முறை கீழே விழப் பார்த்தது. எதிரே சுவர்க் கடிகாரம். அதைப் பார்க்காமலிருக்கத் திரும்பி நின்றேன். திரும்பினால் அப்பா இருக்கும் அறையின் கதவு. எந்தப் பக்கமும் கண்ணை வைக்க இடமில்லை.

போன் அடித்தது.

"ஏய் கண்ணாடி." இரண்டு வருடம் கழித்து அந்தப் பட்டப்பெயரைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "பஸ்ஸை ஓரம் கட்டிட்டேன். அழாம சொல்லு."

சொன்னேன். ஊசியைப் பற்றிச் சொன்னேன். நேற்று இரவுக்குப் பிறகு அவர் எப்படி இருந்தார் என்று யாருக்கும் தெரியாததால் ஊசி போட முடியாது என்று சொன்னேன்.

மறுமுனையில் அவள் பேருந்தின் எஞ்சினை அணைப்பது கேட்டது.

"நேத்து ராத்திரின்னு யாரு சொன்னா?"

"செயலாளர்."

"அந்த ஆளுக்கு என்ன தெரியும்? காலைல எட்டு மணி வரைக்கும் அப்பா என்கிட்ட பேசிட்டு இருந்தாரே."

"அக்கா, இன்னிக்கு மௌன நாள்."

"தெரியும். அன்னிக்குத்தான் பேசுவார். நான் வெளியே வந்த நாள்லேருந்து வாராவாரம். அம்மா போன்லேருந்து." அவள் மூச்சு வாங்கினாள். "யாருக்கும் சொல்லமாட்டேன்னு சொல்லியிருந்தேன். இப்போ சொல்லிட்டேன். போ, அந்த டாக்டர்கிட்ட ஓடு. நான் வர்றேன்."

ஓடினேன். ஓடும்போது ஒரு நினைப்பு என்னோடு கூடவே ஓடி வந்தது, வெட்கமாகத்தான் இருக்கிறது. வாராவாரம் அந்த நாளில் நான் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் கழுவினேன். கூடவே இருந்த எனக்கு அவர் மௌனம். விட்டுப் போனவளுக்குப் பேச்சு.

*

"பொய்" என்றார் செயலாளர்.

டாக்டர் நின்றிருந்தார். நர்ஸ் அம்மாவை வெளியே அழைத்து வந்திருந்தார். படியிலிருந்து தையல்காரம்மாவும் இன்னும் சிலரும் எழுந்து வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார்கள்.

"ஐயாவை நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்தினவ அவ. இப்போ ஊசியால அவர் உயிர் போனா யாரு பொறுப்பு? இருபது வருஷ மௌனம் டாக்டர் அது. வீட்டுல திருடன் வந்தப்பகூட அவர் வாய் திறக்கலை."

"அம்மா, உன் போனைக் கொடு" என்றேன்.

அம்மா தன் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா."

கொடுத்தாள். பார்த்தேன். அக்காவின் எண் இருந்தது. காலை எட்டு மணிக்கு முடிந்த அழைப்பு. அதற்குக் கீழே போன வாரம், அதற்கு முந்தின வாரம். டாக்டரிடம் நீட்டினேன்.

செயலாளரும் எட்டிப் பார்த்தார். "இது அம்மாவோட போன். பெத்த பொண்ணுகிட்ட அம்மா பேசியிருப்பாங்க. இதுல என்ன இருக்கு?"

அவர் சொன்னதும் சரிதான். எனக்கே சந்தேகம் வந்தது. அக்காவுக்கு அப்பா மேல் இருக்கும் ஆசையில், எப்படியாவது ஊசி போட வைக்கவேண்டும் என்ற தவிப்பில் சொல்லியிருந்தால்? நான் அவசரப்பட்டு அவரைக் கொன்றுவிட்டால்?

டாக்டர் அம்மாவின் முன்னால் போய் நின்றார். "அம்மா, எனக்கு உங்க வீட்டு விஷயம் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எட்டு மணிக்கு இந்தப் போன்ல பேசினது நீங்களா, அவரா? நீங்க சொல்றதை வெச்சுத்தான் நான் ஊசியை எடுக்கணும். தப்பா சொன்னீங்கன்னா அவர் போயிடுவார். சொல்லாம இருந்தீங்கன்னா பேச்சு போயிடும்."

அம்மாவுக்கு இந்தக் கணக்கை இதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் முகத்தில் அது இறங்குவதை நான் பார்த்தேன்.

வட்டத்தில் அம்மா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஐயாவின் மனைவி என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள். இப்போது எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"அவர்தான்" என்றாள்.

செயலாளர், "அம்மா…" என்று ஏதோ சொல்ல வந்தார்.

"இருங்க தம்பி. நான் இன்னும் முடிக்கலை." அம்மா டாக்டரைப் பார்த்தே பேசினாள். "டீத் தட்டுல துண்டுக்கு அடியில போனை வெச்சுக் கொடுப்பேன். நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். முகம் பார்க்கமாட்டேன்னு சொன்னேனே, அது நிஜம். ஆனா குரல் கேக்கும். இன்னிக்கும் கேட்டேன். தெளிவா பேசினார். பஸ்ல யாரோ கோழிக்குஞ்சு கொண்டுவந்து அது தப்பிச்சு ஓடின கதையை அவ சொல்லியிருப்பா போல, விழுந்து விழுந்து சிரிச்சார். பேசி முடிச்சுட்டுக் கதவுக்கு அடியில போனைத் தள்ளிவிட்டார். தள்ளும்போது, 'டீல இன்னிக்குச் சர்க்கரை தூக்கல்'னு என்கிட்டயும் சொன்னார். எட்டு மணிக்கு அவர் நல்லா இருந்தார்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று. நாலரை மணி நேரத்துக்குள்தான். திரும்பி உள்ளே ஓடினார்.

*

ஊசி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் போகுமாம். பேச்சு வருமா என்று கேட்டதற்கு, "இப்போ என்னைக் கேக்காதீங்க" என்றார் நர்ஸ்.

படியில் சேதி ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். மௌன நாள்களில் ஐயா போனில் பேசிக்கொண்டிருந்தாராம். ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்கு, கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்கு. சிலர் எழுந்து போய்விட்டார்கள். ஒரு பெரியவர் யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். தையல்காரம்மா அவரை மறித்தார்.

"எங்க போறீங்க?"

"இருபது வருஷம் நானும் வாயைக் கட்டினேன்ல?"

"கட்டினதால உங்களுக்கு ஒண்ணும் கெட்டுப் போகலையே. உட்காருங்க. அவர் பிழைச்சு வரட்டும், அப்புறம் சண்டை போடலாம்."

பெரியவர் உட்காரவில்லை. போகவும் இல்லை. படிக்கட்டின் திருப்பத்தில் நின்றுகொண்டார்.

செயலாளர் நாற்காலியில் இருந்தார். அவர் சட்டைப்பையில் அப்பாவின் கைப்பேசி. ஐயா எப்படி இருக்கிறார் என்று ஊரெல்லாம் கேட்டு அது அதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை.

அக்கா டிரைவர் சீருடையில் வந்து சேர்ந்தாள். இளைத்திருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள், என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். செயலாளரைப் பார்த்ததும் நின்றாள். சண்டை வரும் என்று நான் பயந்தேன்.

"அண்ணா, ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அவர் இல்லை என்று தலையசைத்தார். பிறகு கேட்டார்: "போன்ல என்னைப் பத்தி ஏதாவது பேசுவாரா?"

"பேசுவார். உங்களுக்கு முதுகுவலின்னு கவலைப்படுவார்."

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "இன்னிக்குப் போனை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னார். 'இன்னிக்கு மண்டபத்துல உட்கார்ந்ததும் நான் பேசப் போறேன்'னார். என்னப்பா பேசப் போறீங்கன்னு கேட்டேன். 'உன்கிட்ட சொன்னா ஒத்திகை ஆயிடும், அங்கேயே சொல்லிக்கிறேன்'னு சிரிச்சார்."

திறந்து மூடிய அந்த உதடு. ஆழம் என்று முன்வரிசை கண்கலங்கிய அந்த நேரம். அவர் பேசத்தான் முயன்றிருக்கிறார். மண்டபம் நிறைய ஆட்களை எதிரே வைத்துக்கொண்டு, வராத வார்த்தையை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் மரியாதையாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கதவு திறந்தது. "கண் திறந்து பார்க்கிறார்" என்றார் நர்ஸ். "வாய் அசையுது, புரியலை. ஒருத்தர் மட்டும் வாங்க."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். "நீ போம்மா."

"நீ போ" என்றாள் அம்மா. "நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பழகினவ."

அக்கா போனாள். கதவின் கண்ணாடிச் சதுரம் வழியே பார்த்தேன். அப்பாவின் இடது கை எழுந்து அவள் சீருடைக் காலரைப் பிடித்தது. உதடு திறந்தது. மூடியது. அவள் குனிந்து காதை அவர் வாயருகே வைத்தாள். நெடுநேரம் அப்படியே இருந்தாள். ஒரு வார்த்தைக்கு அவ்வளவு நேரம் பிடிக்குமா?

பிறகு நிமிர்ந்து கண்ணாடிச் சதுரத்தைப் பார்த்தாள். என்னையோ அம்மாவையோ பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்து, வா என்று கையசைத்தாள்.

செயலாளர் எழுந்தார். "என்னையா?" என்று கேட்டார். அம்மா நகர்ந்து வழி விட்டாள். கதவு வரை போனார். பையில் அப்பாவின் கைப்பேசி அதிர்ந்தது. கைப்பிடியைப் பிடித்தவர், திருப்பாமல், அப்படியே நின்றார்.